மறதி இல்லை என்று எழுதி அனுப்பிய மருத்துவக் குழுவுக்கு

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வழங்கும் குழுவில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கு,

போன மாதம் இரண்டாவது புதன்கிழமை, டோக்கன் எண் 41-இல் என் கணவரை அழைத்துக்கொண்டு வந்தவள் நான். காலை ஏழரைக்கு வரிசையில் நின்றோம். பகல் ஒன்றே காலுக்கு உள்ளே கூப்பிட்டீர்கள். ஒன்று இருபதுக்கு வெளியே வந்துவிட்டோம். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் எடுத்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தனியாக மனு போட்டால் அது ஒரு கோப்புக்குள் போய்விடும். இதே நோயோடு இன்னொரு வீட்டிலிருந்து யாராவது உங்கள் முன் வந்து நிற்கத்தான் போகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

அன்று நடந்ததை நினைவுபடுத்துகிறேன். "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டீர்கள், சொன்னார். கிழமை, மாவட்டம், முதலமைச்சர் பெயர் எல்லாம் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னீர்கள். 93, 86, 79, 72, 65 என்று நீங்கள் நிறுத்தும்வரை தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவிலேயே 27 வருடம் இருந்தவர். மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டீர்கள். மூன்றையும் சொன்னார். "மெமரி நல்லாத்தானேம்மா இருக்கு? வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் வேறொன்றும் நடந்தது. உங்கள் மேசையில் டீக்கு வைத்திருந்த தட்டிலிருந்து அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். நீங்கள் கேள்வி கேட்கக் கேட்க இரண்டாவதையும் மூன்றாவதையும் எடுத்துத் தின்றார். நான்காவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உங்களில் ஒருவரான மருத்துவர் அம்மாவைப் பார்த்து, "நீங்க ரொம்ப குண்டா இருக்கீங்க" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவரிடம் இந்த மடலின் வழியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேடிக்கையாகப் பேசுகிற ஆள் என்று நினைத்திருப்பீர்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், யாராவது கேட்கும்வரை தாகமாக இருக்கிறது என்று கூடச் சொல்லாதவர் என் கணவர். பெண்கள் எதிரில் வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி வழிவிடுகிறவர். நான்கு வருடத்துக்கு முன்னால் அவரைத் தெரிந்த எவரும் அந்த அறையில் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

கோப்பைக் கொண்டுவந்திருந்தேன். மூளை ஸ்கேன், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன், சென்னையில் நரம்பியல் மருத்துவர் எழுதித் தந்த இரண்டு பக்கக் கடிதம் எல்லாம் அதில் இருந்தன. போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கூட யாரும் கழற்றவில்லை. நினைவாற்றலில் குறைபாடு இல்லை, சான்றிதழுக்குத் தகுதி இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

அவருக்கு மறதி என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. மனுவில் இருக்கும் பெயர் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா. அதில் நடத்தையைப் பாதிக்கும் வகை.

தமிழில் டிமென்ஷியா என்றாலே மறதி நோய் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரே எங்களைப் போன்றவர்களைக் கெடுத்தது. அல்சைமர் பெரும்பாலும் நினைவில்தான் தொடங்குகிறது. சாவியை எங்கே வைத்தோம், காலையில் சாப்பிட்டோமா என்பது முதலில் போகும். என் கணவருக்கு வந்திருப்பது வேறு வழியில் வருவது. நெற்றிக்குப் பின்னாலும் காதோரப் பொட்டுக்கு உள்ளேயும் இருக்கும் மூளைப் பகுதிகள் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. எங்கே எதைப் பேச வேண்டும், எதை அடக்க வேண்டும், எதிரில் இருப்பவர் மனம் என்ன பாடுபடும், எடுத்த காரியத்தை எப்படி முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பகுதிகள் அவை. தேதியும் கிழமையும் அதற்குப் பிறகும் பல காலம் தலைக்குள் பத்திரமாக இருக்கும். மனிதர் மட்டும் இருக்க மாட்டார்.

புதிதாக வந்த நோயும் இல்லை இது. பிராகில் இருந்த ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் 1892-லேயே இந்த வகைச் சுருக்கம் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதிவிட்டார். பெரும்பாலும் 45 வயதிலிருந்து 65 வயதுக்குள் தொடங்கும் நோய். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அந்தக் கணக்கே 60-இல்தான் ஆரம்பிக்கிறது. 52 வயதில் மாறத் தொடங்கிய என் கணவரைப் போன்றவர்கள் அதில் இல்லை.

நடத்தை வகையைக் கண்டுபிடிக்க 2011-இல் உலகின் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து வகுத்த அடையாளங்கள் ஆறு. கூச்சமும் கட்டுப்பாடும் போய்விடுவது, எதிலும் அக்கறை இல்லாமல் முடங்குவது, மற்றவர் வலி உறைக்காமல் போவது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது, கண்டதையும் வாயில் போடுவது அல்லது இனிப்புக்கு அலைவது ஆகிய ஐந்தும் முதலில் வருகின்றன. ஆறாவது, திட்டமிடும் திறன் கெட்டு, நினைவும் இடவுணர்வும் அந்த அளவுக்குக் கெடாமல் இருப்பது. இவற்றில் மூன்று இருந்தாலே இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்த ஆறாவதை இன்னொரு முறை படியுங்கள், மருத்துவர்களே. நினைவு கெடாமல் இருப்பது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. எதை வைத்து நோய் என்று ஏற்றுக்கொண்டிருக்க வேண்டுமோ, அதையே காரணம் காட்டி எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

அடையாளங்களைப் பட்டியலாகச் சொன்னால் பாடம் மாதிரி இருக்கும். வீட்டில் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

2021 ஆடியில் என் மாமியார் இறந்தார். அம்மா என்றால் உயிரை விடுகிற பிள்ளை. நடுவீட்டில் உடலைக் கிடத்தியிருக்கிறது, நாத்தனார்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். இவர் டீ வாங்கி வந்த பையனிடம் "எனக்குச் சர்க்கரை தூக்கலா" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். அதிர்ச்சியில் இருக்கிறார் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மூன்றாம் மாதம் எங்கள் மகள் டெங்குவில் படுத்தாள். தட்டணுக்கள் குறைந்து ரத்தம் ஏற்ற வேண்டுமோ என்று மருத்துவமனை வராந்தாவில் நான் அழுதுகொண்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தவர், "மதியத்துக்குச் சாப்பாடு யார் கொண்டு வருவா?" என்று கேட்டார். அன்று ராத்திரி நான் அவரோடு போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. கல்நெஞ்சுக்காரன் என்று சொன்னேன். 24 வருடம் குடும்பம் நடத்திய மனிதனைப் பார்த்து அப்படிச் சொன்னேன்.

பிறகு சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டியால் அள்ளித் தின்னத் தொடங்கினார். ஒரே தெருமுனை டீக்கடைக்கு ஒரு நாளில் பதினொரு தடவை போவார். அதே வழியில் போய், அதே மின்கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். மழை பெய்தாலும் போவார். குளிக்கச் சொன்னால் "குளிச்சாச்சு" என்பார், உடம்பில் ஈரம் இருக்காது. ஐந்து பைசாவுக்குக் கணக்கு எழுதியவர், போனில் வந்த ஏதோ ஒரு கடன் செயலியில் மூன்று லட்சம் வாங்கி, யாருக்கோ அனுப்பிவிட்டு, யாருக்கு என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். பொய் சொல்கிறாரோ என்று பார்த்தால் கண்ணில் பயமே இருக்காது. கூச்சமும் இருக்காது. எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வது மறைப்பதற்காக அல்ல. தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று உணர்கிற இடமும் நோயில் போய்விட்டது. அதனால்தான் அவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

நாங்கள் அலையாத இடமில்லை. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள் சொந்தக்காரர்கள். மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினோம். பெருமாளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த 48 நாளில்தான் நானும் கொஞ்சம் தூங்கினேன். ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்றார். இன்னொருவர் பைபோலார் என்னும் மனநிலைக் கோளாறு என்றார். மூன்றாமவர் அல்சைமருக்குத் தரும் மாத்திரையைக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட நாட்களில் இவருடைய ஆத்திரம் இரண்டு மடங்கானது. இந்த நோய்க்கு அந்த மாத்திரை உதவாது, சிலருக்கு நடத்தையை மோசமாக்கவும் செய்யும் என்று பிறகுதான் தெரிந்தது.

2023 பிப்ரவரியில் புரூஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலப்பட நடிகருக்கு இந்த நோய் என்று அவர் குடும்பம் அறிவித்தது. என் தங்கை அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பெயரையே அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அவருக்குப் பேச்சு தடுமாறியதுதான் முதலில் வெளியில் தெரிந்ததாம். ஒரே நோய் சிலருக்குப் பேச்சிலும் சிலருக்குக் குணத்திலும் தொடங்கும் என்று படித்தேன். உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி போட்டு, அன்று என்ன செய்தார், முன்னால் இருந்தவர் யார், நான் சொன்னபோது என்ன பதில் சொன்னார் என்று எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் சென்னை நரம்பியல் மருத்துவர் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். இவரிடம் பேசியது பத்து நிமிடம். பிறகுதான் ஸ்கேன். 2024 நவம்பரில் நோயின் பெயர் எங்கள் கைக்கு வந்தது. குணப்படுத்த மருந்து இல்லை என்பதையும் அன்றே சொன்னார்கள்.

சான்றிதழுக்கு ஏன் இவ்வளவு அலைகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். மாத உதவித்தொகைக்கோ ரயில் சலுகைக்கோ இல்லை.

2023-இல் அலுவலகத்தில் அவர் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணின் கூந்தலைத் தொட்டுப் பேசியிருக்கிறார். இரண்டு தடவை. அந்தப் பெண் புகார் கொடுத்தார். அவர் கொடுத்தது சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருப்பேன். ஒரு பெண்ணுக்கு அலுவலகத்தில் அப்படி நேரக்கூடாது, அதைச் செய்தவர் நோயாளி என்பதால் அந்தப் பெண்ணுக்கு ஏற்பட்ட அருவருப்பு குறைந்துவிடாது. ஆனால் துறை செய்தது என்ன? ஏற்கெனவே கோப்புகள் தேங்கியது, மேலதிகாரியை எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, சுற்றுச்சுவரில் சிறுநீர் கழித்தது எல்லாவற்றையும் சேர்த்து, வேலையையே பறிக்கக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குற்றக் குறிப்பாணை கொடுத்தது. தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. 25 வருடம் ஒரு மெமோ கூட வாங்காத ஆள் ஒரே வருடத்தில் இப்படி ஆனது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. விசாரணை அதிகாரி முன்னால் போய், "ஆமா, தொட்டேன். முடி நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார் என் கணவர். திமிர் என்று பதிவானது. தப்பித்துக்கொள்ள ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியாத நிலையில் இருந்த மனிதருடைய வாக்குமூலம் அது.

இப்போது, தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் தரும் பிழைப்பூதியம் வருகிறது. விசாரணை முடிந்தால் நிரந்தர நீக்கம் வரும். ஓய்வூதியமும் போகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு, பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பார்த்த வேலைக்குத் தகுதி இல்லாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், அதுவும் முடியாவிட்டால் ஓய்வு பெறும் வயதுவரை உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். அவரைத் திரும்பவும் அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் இருக்கும் அலுவலகத்துக்கு அவர் போகவே கூடாது. குற்றவாளியாக வெளியே தள்ளப்படாமல் நோயாளியாக வீட்டில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். அந்தக் கதவைத் திறக்கும் தாள் உங்கள் கையெழுத்தோடு வருவது.

அதே சட்டம் மனநோயை எப்படி வரையறுக்கிறது என்று பாருங்கள். சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, இடம் காலம் அறிதல், நினைவு ஆகியவற்றில் வரும் பெரிய கோளாறு, ஒருவரின் முடிவெடுக்கும் திறனையோ நடத்தையையோ அன்றாடத் தேவைகளைச் சமாளிப்பதையோ கடுமையாகப் பாதிப்பது. நினைவு என்பது அந்த வரியில் ஒரு சொல். நடத்தையும் அங்கே இருக்கிறது. இயலாமையை அளக்க நீங்கள் பயன்படுத்தும் ஐடியாஸ் அளவுகோலில் நான்கு தலைப்புகள்: தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மறதி என்று அதில் தலைப்பே கிடையாது. குளிக்காதவர், மகளின் காய்ச்சல் உறைக்காதவர், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் இந்த நான்கில் எத்தனை மதிப்பெண் வாங்குவார் என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தால், சட்டம் குறைந்தபட்ச வரம்பாக வைத்திருக்கும் 40 சதவீதத்துக்குக் கீழே எப்படி வரும்? அந்தத் தாளில் நீங்கள் சதவீதமே எழுதவில்லை.

ஒரு காலை எடுத்தவர் வந்தால் காலைப் பார்க்கிறீர்கள். பார்வை இல்லாதவர் வந்தால் கண்ணைச் சோதிக்கிறீர்கள். என் கணவரின் குறை அவர் மற்றவர்களோடு இருக்கும்போதுதான் தெரியும். அதைப் பார்க்கக் கொஞ்ச நேரம் வேண்டும், கூட வாழ்கிறவரின் பேச்சு வேண்டும். அன்று நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். "நீங்க பேசாதீங்க, அவரைக் கேக்குறோம்" என்றீர்கள். நோயாளியை மதிக்கிற எண்ணத்தில்தான் சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். இந்த ஒரு நோயில் அது அவருக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது.

நான் கேட்பது இவைதான். என் கணவரை மறுபடியும் சோதியுங்கள். மனநல மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து இருக்கட்டும். அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதில் பாதியை, அவர் இல்லாத அறையில் என்னோடும் என் மகளோடும் பேசச் செலவிடுங்கள். மீதியில் கேள்வி எதுவும் கேட்காமல் அவரைச் சும்மா உட்காரவைத்துப் பாருங்கள். கோப்பைத் திறந்து பெட் ஸ்கேன் அறிக்கையையும் நரம்பியல் மருத்துவரின் கடிதத்தையும் படியுங்கள். ஐடியாஸ் தாளில் நான்கு தலைப்புக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அந்தத் தாளின் நகலை என்னிடம் கொடுங்கள். தேறாது என்று முடிவு செய்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யும் உரிமை எனக்கு உண்டு, காரணம் தெரியாமல் எதை எதிர்த்து முறையிடுவேன்? சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால் நிரந்தரச் சான்றிதழாகக் கொடுங்கள். நாளுக்கு நாள் கூடுகிற நோய் இது, இரண்டு வருடம் கழித்து எங்களை மறுபடி வரிசையில் நிறுத்த வேண்டாம். நோய் எந்த ஆண்டிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று மருத்துவ ஆவணங்களின் அடிப்படையில் நீங்கள் கருதுவதையும் அதில் குறியுங்கள். குற்றக் குறிப்பாணையில் உள்ள தேதிகளுக்கு முன்பா பின்பா என்பதில்தான் எங்கள் சாப்பாடு இருக்கிறது.

இன்னொன்று, எங்களுக்கு மட்டுமானதல்ல. 65 வயதுக்குக் குறைந்த ஒருவரை, ஆளே மாறிவிட்டார் என்று சொல்லி அவர் வீட்டார் கூட்டிவந்தால், தேதி கேட்டு அனுப்பிவிடாதீர்கள். அப்படி வருகிறவர்களை ஆறு மணி நேரம் வரிசையில் நிற்கவைக்காமல் முன்னதாகக் கூப்பிடுங்கள். அன்று அந்த வரிசையில் இவர் பக்கத்துப் பெண்மணியின் பையிலிருந்த முறுக்கை எடுத்ததற்கு அடி வாங்கினார். கன்னத்தில் விரல் தடத்தோடுதான் உங்கள் முன் உட்கார்ந்து 93, 86 என்று சொன்னார்.

விசாரணையின் அடுத்த அமர்வு வருகிற 28-ஆம் தேதி. அதற்கு முன்னால் வரும் ஏதாவது ஒரு புதன்கிழமைக்கு எங்களை அழைத்து ஆணை அனுப்புங்கள். மூன்று நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன, மூன்றையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
டோக்கன் எண் 41-இன் மனைவி